எழுபத்திநான்கு

பொன்மலை ரயில்வே ஆஸ்பத்திரியில்
புள்ளி புள்ளியான புத்தகம் ஒன்றைப் புரட்டினார்கள்.
எல்லோருக்கும் எழுபத்திநான்கு தெரிந்த பக்கத்தில்
எனக்கு இருபத்தொன்று.
சிக்னல் வேலை அன்றோடு போயிற்று.

இப்போது தென்பெரம்பூரில் லஸ்கர்.
வெண்ணாறு இங்கே வந்து
வெட்டாற்றைப் பிரித்துவிட்டுத் தானும் போகிறது.
பலகையில் மேல்விளக்கு எரிந்தால் அடைப்பு,
கீழ்விளக்கு என்றால் திறப்பு.
நிறம் கேட்காதீர்கள்.

கரையோர அத்தியில் குரங்குகள்.
தலைமயிர் கலைந்த ஒருத்தி
ஒன்றைத் தொட்டுப் பார்க்காமலே ஒதுக்கிவிட்டு
அடுத்ததைப் பறிக்கிறாள்.
எனக்கு இரண்டும் ஒரே மண்நிறம்.
அவள் தின்பது பழம்.

தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில்
மருந்துச் சீட்டின் பின்பக்கம் கோடு போட்டார்
டாக்டர் மெஹ்ருன்னிசா.
மூன்று கோடி ஆண்டுக்கும் முன்னால்,
காவிரி என்ற பேச்சே இல்லாத காலத்தில்,
ஏதோ ஒரு குரங்கின் வழியில்
மரபணு ஒன்று படியெடுக்கையில் தடுமாறித்
தன்னையே இன்னொரு தரம் எழுதிவிட்டது,
பக்கத்திலேயே, அச்சு அசலாக.
ஒன்று பழைய வேலையைப் பார்த்துக்கொண்டது.
மற்றதற்கு வேலையில்லை,
பிழை செய்ய அவகாசம் இருந்தது.
இங்கோர் எழுத்து, அங்கோர் எழுத்து,
ஒரு நாள்
இலைக்குள் இருந்த பழம் சிவந்தது.

பழம் முன்பும் அப்படித்தான் இருந்திருக்கும்.

"முறை வைத்துப் பிரிக்கும் தண்ணீர் மாதிரி" என்றேன்.
"இல்லை" என்றார்.
"தண்ணீர் பிரிந்தால் குறையும்.
இது பிரிந்தும் குறையவில்லை."

எல்லாப் படியும் உருப்படாதாம்.
மோப்பத்துக்கென்று நூற்றுக்கணக்கில் பெருகியவை
மனிதருக்குள் பாதிக்குமேல் தூர்ந்து கிடக்கின்றனவாம்.
அது எனக்குப் புரிந்தது.
தாலுகா ஆபீஸ் வரைபடத்தில்
இன்னும் நீலமாக ஓடும் வாய்க்கால்கள் உண்டு
(நீலம் எனக்குத் தெரியும்),
மதகு இருக்கும், கரை இருக்கும்,
நடுவில் கருவேலம் நிற்கும்.

என் கதை வேறு.
அடுத்தடுத்து நின்ற இரட்டை
ஒன்றையொன்று ஒத்திருந்ததாலேயே
அம்மா வழியில் எங்கோ, ஜோடி சேரும்போது
வரிசை நழுவி
ஒன்று விழுந்துவிட்டது.
அம்மாவின் தம்பி சூசைமாணிக்கமும்
பழுத்த தக்காளி என்று காயை நிறுத்து வாங்கி வந்து
ஊருக்கே கேட்கத் திட்டு வாங்கியவர்தான்.

என் மகள் ஸெலினுக்கு
என்னுடைய ஒற்றையும்
அவள் அம்மாவின் இரட்டையும்.
பள்ளிக்கூடத்துக்கு அணை வரைந்திருந்தாள்.
"ஷட்டருக்குப் பச்சை நல்லா இருக்கு" என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
பென்சிலைத் திருப்பி
அதில் அச்சிட்டிருந்த பெயரைக் காட்டினாள்.

ராத்திரி பத்தரைக்கு போன்.
கல்லணையில் கூடுதலாக விட்டிருக்கிறார்களாம்.
வெட்டாற்றுப் பக்கம் இரண்டடி தூக்கினேன்.
மின்சாரம் இல்லை. நிலாவும் இல்லை.
அத்தியில் எதுவோ புரண்டு படுத்தது.
கிளையிலிருந்து ஒன்று
தண்ணீரில் விழுந்தது.
காயா பழமா,
இந்த இருட்டில்
அவளுக்கும் தெரியாது.