லேபிள்

அனுப்பர்பாளையம் கம்பெனியில்
ஷிப்டுக்கு ஆயிரத்து இருநூறு கழுத்து.
நான் பார்க்காத ஊர்ப் பெயரை
ஒவ்வொன்றிலும் வைத்துத் தைக்கிறேன்.
லேபிள் இல்லாத பீஸ் ரிஜெக்ட் என்பார்
செக்கிங் மாஸ்டர்.

ராத்திரி எட்டரைக்கு மேல்
தர்னீஷின் தீபாவளிச் சட்டையை மடியில் போட்டு
ட்ரிம்மரால் அதே சதுரத்தைப் பிரிக்கிறேன்.
அவன் கதவுக் கொண்டியை
ஆட்டிக்கொண்டிருக்கிறான், நூறு தடவைக்கும் மேல்.
பிசிறு மிஞ்சினால் போச்சு,
விடியவிடிய அழுகை.
போன வருசம்
சட்டையில்லாமலே மத்தாப்பூ பிடித்தான்.

"பையன் இன்னும் பேசறதில்லீங்களாக்கா?"
லைன்வீட்டுக் குழாயடியில் வசந்தாமணி கேட்டாள்.
இல்லீங் என்று குடத்தை நகர்த்தினேன்.

இன்று விடிகாலை
தூக்கத்திலிருந்த என் விரலைப் பிடித்திழுத்துத்
தன் பிடரியில் கொண்டுபோய் வைத்தான்.
தடவினேன்.
ஆமாம்,
ஒரு இழை விட்டுப்போயிருந்தது.