ஒரு ரூபாய்க் கனம்

அடுப்புப் பக்கம் தீக்குச்சி நுழையாது.
தொட்டிப் பக்கம் ஒரு ரூபாய் நாணயம்
நெட்டுக்குத்தாக நிற்கும்.
நின்றது. நழுவியது. போயிற்று.

கறுப்பு கிரானைட் மேடை எங்களுடையது.
டைல்ஸ் ஒட்டிய சுவர்
பாகப் பத்திரத்தின்படி பொது.
நடுவில் இருக்கும் இடுக்கைப் பற்றி
பத்திரம் எழுதியவர் ஒன்றும் எழுதவில்லை.

மூன்று தரம் வெள்ளை சிமெண்ட் வைத்தாயிற்று.
கடைசியாக வைத்தது மார்கழியில்.
ஈஸ்டருக்குள் பல் பல்லாக உதிர்ந்து
ரசத்தில் ஒரு துண்டு கிடந்தது.
மூத்தவன் அதை உப்புக்கல் என்று கடித்தான்.

"தங்கச்சிமடமே மணல்ல நிக்கிதுக்கா,"
என்றான் டைல்ஸ் போடும் நம்புராஜன்.
"சுவரு ஒரு கணக்குல இறங்கும்,
மேட ஒரு கணக்குல இறங்கும்.
கெட்டியா வச்சா விரியத்தான் செய்யும்.
இழுத்த இழுப்புக்கு வர்ற சாமான் வைக்கணும்."
பிறகு குரலைத் தாழ்த்தி,
"அந்தப் பக்கம் வேற இடிக்கிறாங்கள்ல."
நான் டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பக்கம் ஓரகத்தி பிரகாசி.
மிளகு இடிப்பாள், பூண்டு இடிப்பாள்,
உரலைச் சுவரோடு ஒட்டிப் போட்டு இடிப்பாள்.
எனக்காகவே இடிக்கிறாள் என்று
நான்கு வருடமாக நம்பி வருகிறேன்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து
ரம்பத் தகட்டால் சுரண்டத் தொடங்கினேன்.
கடுகு. கருகிய சீரகம்.
வெளமீன் செதில் ஒன்று, நகம் போலக் காய்ந்து.
நடு மகள் அழுது தேடிய மூக்குத்திச் சுரை.
எறும்புகள் மட்டும் எங்கும் போகவில்லை,
சுவருக்குள் நுழைந்து அந்தப் பக்கம் போயின.
நாணயம் கிடைக்கவில்லை.

கச்சான் வீசும் மாதம், எதுவும் காயாது.
மகளின் தலைமுடி உலர்த்தும் மிஷினைப் பிடித்து
அரை மணி நேரம் அடித்தேன்.
பள்ளம் ஆழமாக இருந்த இடத்தில்
அவர் வலையில் மிஞ்சிய கயிற்றைத் திணித்தேன்.
மேலும் கீழும் டேப்.
டியூப்பின் மூக்கைச் சாய்த்து வெட்டி,
மூச்சைப் பிடித்து, நிறுத்தாமல்
ஒரே இழுப்பு.
வீடு முழுக்க காடி நாற்றம்.
சோப்புத் தண்ணீரில் விரலை நனைத்துத் தடவினேன்.
நடுவில் ஓரிடம் பிதுங்கிவிட்டது,
அங்கே குக்கரை வைத்துக்கொள்ளலாம்.

ஒரு நாள் முழுக்க ஆடக்கூடாது என்றிருந்தான் நம்புராஜன்.
தண்ணீர் படக்கூடாது, அதிரக்கூடாது.
தண்ணீர் என் கையில்.

சின்னவனை அனுப்பலாமா என்று பார்த்தேன்.
பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான்.
கொல்லைப் பக்கம் போய்
மதிலைப் பார்த்துச் சொன்னேன்,
பெயர் சொல்லாமல்:
"இன்னிக்கி ஒரு நா இடிக்காம இருந்தா நல்லாருக்கும்.
சுவத்துல வேல பாத்துருக்கு."
துணி உதறும் சத்தம் நின்றது.
பதில் இல்லை.
மறுபடி உதறும் சத்தம்.

சாயங்காலம் படகுகள் ஐஸ் ஏற்றும் நேரம்,
வழக்கமாக அவள் இடிக்கும் நேரம்.
கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றேன்.
எட்டு மணிக்கு ஒரு மிக்சி ஓடியது.
அடுப்படியில் இல்லை,
தெருவாசல் அறையில், தூரமாக,
இரண்டே சுற்று.

காலையில் அழுத்திப் பார்த்தேன்.
ரப்பர் போல உள்ளே போய்த் திரும்பியது.
கறுப்புக் கோடு, என் விரலின் வரிகளோடு.

வாசலில் பிரகாசி.
செருப்பைக் கழற்றவில்லை, உள்ளே வரவில்லை.
கண் மட்டும் அடுப்படிவரை வந்து திரும்பியது.
"டியூப்புல மிச்சம் கெடக்கா?"

மூக்கில் ஆணி செருகி வைத்திருந்தேன்.
எடுத்துக் கொடுத்தேன், துப்பாக்கியோடு,
மீந்த ஒரு முழம் கயிற்றையும்.
"கறுப்புதான் இருக்கு," என்றேன்.
"ஒங்க மேட வெள்ளைல்ல."

"எறும்புக்கு என்ன கலரு தெரியும்,"
என்று சொல்லிக்கொண்டே படி இறங்கினாள்.