நடுவில் உள்ள எல்லாவற்றுக்கும்

நாற்பது மீட்டர் உயரத்தில்
என் அறைக்குத் தரை கண்ணாடி.
எட்டு மணி நேரமும் குனிந்தபடி பார்க்கிறேன்:
இடது கால், வலது கால்,
நடுவில் கிடினியா துறைமுகம்.
கப்பல் என்பது எனக்கு
என் இரு பாதங்களுக்கு இடையே
மெல்ல நுழையும் ஒரு சாமான்.

அதனால் ஷூ விஷயத்தில்
நான் அவசரப்படுவதில்லை.

பழைய ஜோடி ஓடுவதற்கென்று வாங்கியது.
ஓட்டத்துக்குத் தங்கம்.
குதிகாலுக்கு அடியில் இரண்டு விரற்கடை நுரை.
எண்பது கிலோவைத் தோளில் ஏற்றி
உட்கார்ந்து எழும்போதுதான்
நுரையின் குணம் தெரிந்தது.
ஒரு பக்கம் அமுங்கிற்று,
முட்டி உள்ளே சாய்ந்தது.
காற்றில் ஆடும் கன்டெய்னரை நிறுத்தத் தெரியும் எனக்கு.
ஆடும் என்னை நிறுத்தத் தெரியவில்லை.

எங்கள் உடற்பயிற்சிக் கூடம்
முன்பு மீன் வைக்கும் குளிர்கிடங்கு.
மழை பெய்தால் சுவரிலிருந்து
இன்னமும் ஹெர்ரிங் வாசம் இறங்கும்.
அந்த வாசத்துக்கு நடுவே நின்று யாக்னா கேட்டாள்:
"மெத்தை மேல் நின்றுகொண்டு
யாராவது பீரோ தூக்குவார்களா, ஹல்ஷ்கா?"

சனிக்கிழமை கடை.
விற்பவர் சட்டையில் ராடோமிர் என்று இருந்தது.
முதலில் பாரம் தூக்குபவர்களின் ஷூவைத் தந்தார்.
உயர்ந்த, கெட்டியான குதிகால். குறுக்கே ஒரு பட்டை.
நின்றால் நங்கூரம்.
கடையின் கயிற்றை வாங்கித் தாண்டிப் பார்த்தேன்,
சைக்கிள் பிரிவுவரை எல்லோரும் திரும்பினார்கள்.

"ஒரு மணி நேரத்தில் என்னதான் செய்வீர்கள்?"
சொன்னேன்.
கயிறு தாண்டுவேன். பாரம். பெட்டி மேல் தாவல்.
பக்கவாட்டில் ஓடித் தரையைத் தொட வேண்டும்.
கூரையில் தொங்கும் வடத்தில் ஏற வேண்டும்
(பாதி வரை ஏறுவேன்).
பிறகு நானூறு மீட்டர், மழையென்றாலும்,
படகுத்துறை வரை போய்த் திரும்பி
மூச்சு வாங்க, மறுபடி பாரம்.

ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று
மனிதர்களைத் திட்டுவோம்.
அப்படி நிற்கத் தெரிந்த ஷூவைத்தான்
தேடி வந்திருந்தேன்.

மூன்றாவது பெட்டியை உள்ளேயிருந்து எடுத்து வந்தார்.
குதிகாலைக் கட்டைவிரலால் அழுத்தினேன். அமுங்கவில்லை.
முன்பக்கத்தை மடக்கினேன்,
விரல்கள் மடியும் இடத்தில் மடிந்தது.
ஈரத்துணியைப் போல் பிழிந்தேன்:
கொஞ்சம் முறுகியது, அப்புறம் மறுத்தது.
அந்த மறுப்பு பிடித்திருந்தது.
வடம் உரசும் உட்பக்கத்தில்
ரப்பர் சுவரேறி இருந்தது.
காலை விட்டேன்.
சுண்டுவிரல் பல வருடம் கழித்துத்
தனியாகக் கால் நீட்டிற்று.

"நெடுந்தூரம் ஓடினால் என்னைத் திட்டுவீர்கள்,"
என்றார் ராடோமிர்.
"ரொம்பப் பெரிய பாரத்துக்கும் இது போதாது.
நடுவில் உள்ள எல்லாவற்றுக்கும் சரி."

நடுவில் உள்ளதைப் பார்ப்பதற்குத்தான்
எனக்குச் சம்பளமே தருகிறார்கள்.

என் அளவில் ஒரே நிறம். ஆரஞ்சு.
கண்ணைக் குத்தும் ஆரஞ்சு.
வாங்கிவிட்டேன்.

திங்கட்கிழமை
மேலே ஏறியதும் இரும்பு முனை பூட்ஸைக் கழற்றிவிட்டு,
பழகட்டுமே என்று, புதியதை மாட்டினேன்.
பத்து நிமிடம்கூட ஆகவில்லை.
கீழே மேடையில் நின்ற போகுமில்
வாக்கி டாக்கியில் கேட்டான்:
"மேலே என்ன, பூசணிக்காய் வியாபாரமா?"
பதில் சொல்லவில்லை.
அவன் தலைக்கு நேர் மேலே
இரண்டு பூசணிக்காய்களையும் ஆட்டிக் காட்டினேன்.

செவ்வாய் மாலை.
தரையிலிருந்து பாரம் இழுக்கும் நாள்.
கம்பியில் நூற்றுப்பத்து கிலோ.
நாடாவை இரட்டை முடிச்சிட்டு, நிமிர்ந்து,
மூச்சை வயிற்றில் பூட்டி நின்றேன்.

யாக்னா வந்து கீழே பார்த்தாள்.
"அழகாக இருக்கிறது. இன்றைக்கு வேண்டாம், கழற்று.
இவ்வளவு பாரத்துக்கு வெறும் தரைதான் நல்லது."

கழற்றினேன்.
கம்பிக்கு அந்தப் பக்கம்
மூக்கோடு மூக்கு ஒட்டி
இரண்டும் என்னை வேடிக்கை பார்த்தன.

பாரம் எழுந்தது.
இடது சாக்ஸின் ஓட்டை வழியாகக்
கட்டைவிரலும்.