மேலே ஒன்று, கீழே ஒன்று

ஆரம்பாக்கம் ஐஸ் ஃபேக்டரி. ராத்திரி ஷிஃப்ட்.
நான், கம்ப்ரஸர், இரண்டு முள்.
ஒரு முள் பதினைந்தில் துடிக்கும்.
மற்றது ஒன்று புள்ளி நாலில்
படுத்த படுக்கை.

அக்கினி நட்சத்திரம் இன்னும் கழியவில்லை.
கேனில் ஓரம் மட்டும் வெளுத்து
நடுவயிறு தண்ணீராகவே கிடக்கிறது.
வெளியே தடாவிலிருந்து வந்த இறால் லாரி.
பெஞ்சலய்யா ஜன்னல் கம்பியைத் தட்டுகிறார்:
"ஐசு அயிந்தா அக்கா?"
"இங்கா லேது."
இது நாலாவது தடவை.

சாயங்காலம் வந்த சேல்ஸ்காரர்
பதினைந்தை ஒன்று புள்ளி நாலால் வகுத்து
செல்போனை முதலாளி முகத்துக்கு நீட்டினார்.
பத்தே முக்கால்.
"இந்த விகிதத்துக்கு எந்த மெஷினும் தாங்காது சார்,
புதுசு போட்டுடுங்க."
முனிரத்தினம் நாயுடு
மகள் சீமந்தத்துக்கு வைத்திருந்த தொகையை
உதட்டுக்குள் எண்ணிப் பார்த்தார்.
என்னை யாரும் கேட்கவில்லை.

குழாயைக் கழற்றினால் முள் பூஜ்யத்தில் நிற்கும்.
அந்தப் பூஜ்யத்தின் மேல்
ஆகாயம் உட்கார்ந்திருக்கிறது,
கட்டைவிரல் நகத்தளவு இடத்துக்கு ஒரு கிலோ.
மீட்டருக்கு அது பாரமே இல்லை, பிறந்ததிலிருந்து சுமப்பதால்.
வகுக்கிறவள்தான் சேர்க்க வேண்டும்.

லாக் புக்கின் கடைசிப் பக்கத்தில் சேர்த்தேன்.
மேலே ஒன்று: பதினாறு.
பதினைந்துக்கு அது உறைக்கவே இல்லை.
கீழே ஒன்று: இரண்டு புள்ளி நாலு.
இல்லாதவன் கையில் விழுந்த காசு.
வகுத்தால்
ஆறே முக்காலுக்குச் சற்றுக் கம்மி.

அதுவும் நல்ல கணக்கில்லைதான்.
டார்ச்சோடு மேலே ஏறினேன்.
கண்டென்ஸர் குழாய் முழுக்க
போர் தண்ணீரின் உப்பு,
தோசைக்கல் கனத்துக்கு.
சூடு வெளியேற வழி கேட்டு
உள்ளேயே முட்டிக்கொண்டிருந்தது.

குழாயில் படாமல், உப்பில் மட்டும் படும்படி
மரச்சுத்தியலால் தட்டினேன்.
பெஞ்சலய்யாவும் லுங்கியை மடித்துக்கொண்டு ஏறி வந்தார்.
தலையில் வெந்நீர் சொட்டச் சொட்ட
இரண்டு பாஷையிலும் திட்டினோம்.
பதினாலு. பதிமூன்று.
கோழி கூவும்போது பன்னிரண்டு.
ஒன்று சேர்த்து வகுத்தேன்.
"ஐதுன்னர கூட லேது!" என்று கத்தினேன்.
"ரேட்டா?" என்றார்.

முதல் பிளாக் சறுக்கி வந்தபோது எட்டு மணி.
நாயுடு வந்தார், லாக் புக்கைத் திருப்பினார்,
என் கிறுக்கலில் விரல் வைத்தார்:
"இந்த ஒன்னு எங்கேருந்து வந்துச்சு?"

வாயால் சொல்ல வரவில்லை.
கட்டைவிரல் நகத்தை நீட்டிக் காட்டினேன்.
சுத்தியல் பட்டுக் கறுத்திருந்தது.