தாமதமானது எது

கண்ணாடிப் பெட்டியின் மேல் பச்சைத் துணி விரித்து
இரண்டையும் எடுத்து வைத்தேன்.
வெளியே டிரக்குகளின் மூக்கு நுனியில்
பனி தொங்கிக்கொண்டிருந்தது.
மொன்டானாவில் ஏப்ரல் என்பது
நாட்காட்டி கிளப்பிவிட்ட வதந்தி.

"ஒன்றுதான் வாங்குவேன்" என்றாள் சோல்வெய் ஹௌகன்.
"இரண்டாவது என்று எதுவும் வீட்டில் இருக்காது."

அது எனக்குத் தெரியும்.
பிப்ரவரியில் ஷெரிஃப் வந்து
அந்த வீட்டின் நீளத் துப்பாக்கிகள் ஏழையும்
கம்பளியில் சுற்றி ஏற்றிப்போனதை
ஊரே பார்க்காததுபோல் பார்த்தது.

முப்பத்தோரு வருடக் கவுண்டர்.
ரிவால்வரா பிஸ்டலா என்று யார் கேட்டாலும்
என் வாய் தானாகவே பேசும்:

இந்தப் பிஸ்டலில் பதினைந்து.
கனம் குறைவு, உதையும் குறைவு.
தீர்ந்தால் தோட்டாப்பெட்டியை உருவு, அடுத்ததைச் செருகு,
ஒரு தும்மலுக்குள் ஆகிவிடும்.
இந்த ரிவால்வரில் ஐந்தே ஐந்து.
ஆனால் ஒன்று வெடிக்காமல் போனால்
விசையை மறுபடி இழுத்தால் போதும்,
பக்கத்து அறைக்காரன் எழுந்து வருவான்.
சிக்கிக்கொள்ளவே கொள்ளாது.
(இரண்டு முறை சிக்கிப் பார்த்திருக்கிறேன்.
அதை விற்றபிறகுதான் சொல்வேன்.)

அவள் பிஸ்டலை எடுத்து
மேல்சட்டத்தைப் பின்னுக்கு இழுத்தாள்.
மார்ச்சில் ஒரு காளை முட்டிச் சாத்திய கதவு
அவள் கட்டைவிரலை வேறொரு திசைக்குத் திருப்பியிருந்தது.
பாதி தூரம் வந்த சட்டம் நழுவித் திரும்பி
விரலிடுக்கைக் கவ்வியது.
ரத்தத்தை ஜீன்ஸில் துடைத்துக்கொண்டாள்.

முடிந்தது கதை என்று நினைத்து
ரிவால்வரைத் தள்ளினேன்.
விசை கடினமாயிருந்தால்
முதலில் குதிரையை இழுத்துவிட்டு அழுத்தலாம், என்றேன்.
போன வாரம்தான் மைல்ஸ் சிட்டி சந்தையில்
தன் கடைசிக் குதிரையை
ஆஸ்பத்திரி பில்லுக்காக விற்றவள்
இந்தச் சிறு இரும்புக் குதிரையை
இடதுகையால், மெல்ல, பழக்கப்படாததைத் தொடுவதுபோல்
பின்னுக்கு இழுத்தாள்.

பிறகு கேட்டாள்:
"இரண்டில் எது தாமதம்?"

வேகமானது எது என்பார்கள்.
விலை குறைந்தது எது, கைப்பையில் அடங்குவது எது,
கரடிக்குப் போதுமா, கணவனுக்குப் போதுமா என்றுகூட ஒருத்தி.
தாமதம் எது என்று
அந்தத் துணியின் முன் நின்று யாரும் கேட்டதில்லை.

"சுட அல்ல. காலியாகக் கிடப்பதை எடுத்து,
ராத்திரி மூன்று மணிக்கு, கை நடுங்க,
தயாராக்க."

பதினைந்தை நிரப்புவதற்குள் கட்டைவிரல் அழும், என்றேன்.
"ஒன்று போதுமே" என்றாள்.

ஹீட்டர் ஒருமுறை முனகி நின்றது.
எந்தக் கைக்காக இந்தக் கணக்கு என்று
நான் கேட்கவில்லை.
வீட்டில் அவள், பத்தொன்பது வயதில் ஒரு மகன்,
பேச்சை நிறுத்திவிட்ட ஒரு தம்பி.

எல்லாவற்றிலும் தாமதமானது, என்றேன்,
என் பெட்டகத்தில் இருப்பது.
உங்கள் வாசலிலிருந்து இருபத்திரண்டு மைல்.
காலை ஒன்பதுக்குத்தான் திறப்பேன்.
ஞாயிறு விடுமுறை.

"கால் ஒடிந்த கன்றுக்கு?"

கூப்பிடுங்கள்.

படிவத்தை நிரப்பினாள்.
ஆம், இல்லை என்று வரிசையாகக் கட்டங்கள்;
அவள் கேட்டதற்கு அதில் கட்டம் இல்லை.
ரிவால்வருக்கு ஒரு காகிதச் சீட்டுக் கட்டி
பெயர் எழுதி
என் மனைவியின் முத்துமாலைக்குப் பக்கத்தில் வைத்தேன்.
வாடகை எவ்வளவு என்றாள்.
முட்டை கொண்டுவாருங்கள், என்றேன்.

ஜூனில் ஒருநாள் காலை
நான் பூட்டைத் திறக்குமுன்பே வந்து நின்றாள்.
எடுத்துப்போனாள்.
அன்று நான் மதியச் சாப்பாட்டை மறந்தேன்.

நாலரைக்குத் திரும்பி வந்தாள்.
"செம்மறைக் கிடாரி. கம்பிவேலி" என்றாள்,
வேறொன்றும் சொல்லவில்லை.
நாலு தோட்டாக்களையும் ஒரு காலிப் பித்தளையையும்
பச்சைத் துணிமேல் வைத்தாள்.
ஒரு டஜன் முட்டையும்.

பித்தளை இன்னும் சூடாயிருந்தது
என்று சொல்ல ஆசைதான்.
இல்லை.
இருபத்திரண்டு மைலும் குளிர்ந்திருந்தது.