ஏனையவை

மாதாந்தப் படிவத்தில் மாட்டுக்கு ஒரு நிரை உண்டு.
எருமைக்கும் ஆட்டுக்கும் கோழிக்கும் உண்டு.
பூனை வந்தால்
அடியில் கிடக்கும் ‘ஏனையவை’.

செவ்வாய், பத்தேமுக்கால்.
கால்வாய் நோய்த் தடுப்பூசியோடு
எல்லாரும் பட்டிகளுக்குப் போய்விட்டார்கள்.
ஒட்டுசுட்டான் கந்தோரில் நானும் செபநேசனும்.
முத்தையன்கட்டிலிருந்து தர்மகுலன் வந்தார்.
சைக்கிள் காரியரில் ஓர் உரப்பை,
யூரியா என்று பச்சையில் எழுதியது,
அசைந்தது.

“மூண்டு நாளாச் சாம்பலுக்குள்ள குந்துறதும் எழும்புறதும்.
மலச்சிக்கலாக்கும்.
அரைப் பனடோல் குடுப்பமோ எண்டு மனிசி கேட்டவ.”
“குடுத்தனீங்களோ?”
“இல்லை, கடை பூட்டு.”

கடையைப் பூட்டிவிட்டு எங்கோ போன அந்த மனிதருக்கு
மனதுக்குள் நன்றி சொன்னேன்.
அரைக் குளிசை போதும்
ஒரு பூனையின் இரத்தம் மண்ணிறமாவதற்கு.

பையை அவிழ்த்தோம்.
பிழை.
முதலில் யன்னலைச் சாத்தியிருக்க வேண்டும்.
சாம்பல் நிறக் கடுவன்
தடுப்பூசிக் குளிர்சாதனப் பெட்டியின் உச்சியில்,
காதுகள் தலையோடு ஒட்டி.

“சரியான கோவக்காரன்” என்றான் செபநேசன்.
கோபமில்லை அது.
மாடு என்றால் நாலு பேர், ஒரு கயிறு, ஒரு வேப்பமரம்.
பூனைக்கு நாலு பேர் போனால் நாலு காயம்.
வேண்டியது ஒரு துவாயும் நிறைய நேரமும்.
துவாய் இருந்தது.

நாய் நொந்தால் ஊருக்கே சொல்லும்.
மாடு தீனைத் தள்ளிவைக்கும்.
இது மட்டும்
விருந்துக்கு வந்து சாப்பாடு பிந்தியவர் போல
மரியாதையாக உட்கார்ந்திருக்கும்.
உள்ளே இரத்தத்தில் ஏறிக்கொண்டிருப்பது
பையில் எழுதியிருந்த அதே யூரியா.

“மந்திரி” என்று கூப்பிட்டார் தர்மகுலன்,
“இறங்கி வா மகன்.”
இருபது நிமிடம் கூப்பிட்டார்.
பிறகு பாய்ந்தது,
அவருடைய இடக்காலில்,
நகம் முழுக்க இறங்க.
நான் கத்திவிட்டேன்.
சாரத்துக்குக் கீழே ஒரு கிறீச்சொலி.
சதையில் அப்படிச் சத்தம் வராது.
“பதறாதேங்கோ டொக்டர்,
அது நோகாத கால்.”

நோகாத காலைக் கட்டிப்பிடித்தபடியே
அதற்கு மயக்க ஊசி போட்டோம்.
ஆட்டுத் தராசின் முதற்கோடு ஐந்து கிலோ.
“நாலு, கொஞ்சம் குறைய” என்று கையில் ஏந்திச் சொன்னார்.
குளத்து மீன் விற்கிற கை.
நம்பினேன்.

அடிவயிற்றில் தோடம்பழம் அளவு ஒரு கல்,
கல்லல்ல, மூன்று நாள் மூத்திரம்.
எங்களிடம் இருந்த குழாய்
என் சின்னிவிரல் தடிப்பு, காளைகளுக்கானது.
சேலைன் ஏற்றும் ஆகச் சிறிய ஊசியை உருவி எறிந்தால்
மெல்லிய உறை ஒன்று மிஞ்சும்.
அதைக்கொண்டு
முதல் தரம் இல்லை.
இரண்டாம் தரம் இல்லை.
பிறகு நறுநறுவென்று மணல்,
பிறகு இரத்தம்,
பிறகு செபநேசனின் வெள்ளைச் சேட்டு.

தர்மகுலன் சிரித்தார்.
சிரித்து முடிய
கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.
படிவத்தில் ‘ஏனையவை: 1’ என்று எழுதினேன்.

வியாழன் கொண்டு வரச் சொன்னேன்.
வரவில்லை.
சுகப்பட்ட மாட்டைப் பற்றிப் பால்காரன் சொல்வான்
எத்தனை லீற்றர் கூட என்று.
பூனை பற்றி ஒருவரும் தகவல் தருவதில்லை.

பத்து நாள் கழித்து முத்தையன்கட்டு வீதியில்,
வாய்க்கால் மதகடியில்,
மோட்டார் சைக்கிளுக்குக் குறுக்கே
ஒரு சாம்பல் கடுவன் போனது.
“நிப்பாட்டுங்கோ மிஸ், சகுனம் சரியில்லை”
என்றான் பின்னாலிருந்த செபநேசன்.
நிறுத்தினேன்.
அது வாலை நிமிர்த்தி
ஒரு பாலைமரத்தில் தாராளமாகப் பெய்துவிட்டு
எங்களை முன்பின் தெரியாததுபோலப் போனது.
வேறு பூனையாகவும் இருக்கலாம்.