எண்ணூறு பிக்சல் அகலம்

மனாமா, ஹூரா பகுதி, ஏழு மாடிக் கட்டடம்.
நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே
லிஃப்ட் நின்ற அன்று
அதன் கூரைமேல் உட்கார்ந்திருந்தேன்,
இடுப்பில் பெல்ட், வாயில் டார்ச்.
மேலே கயிறு. கீழே குழி.
அகலம் கொஞ்சம், நீளம் கண்ணுக்கு எட்டாதது.
கட்டைவிரலால் தள்ளித் தள்ளிப் படிக்கும்
அந்தப் படக்கதைகளும்
இதே அளவுதானே என்று அப்போதுதான் பட்டது.

ராத்திரி, மூன்றுதட்டுக் கட்டிலின் நடுத்தட்டு.
கீறல் விழுந்த போன்.
காசில்லாமல் கிடைத்த ஒரு செயலி,
காசில்லாமல் கிடைத்த இன்னொன்று.
பதினாலு நாள் மட்டும் இலவசம் என்று
பல்லிளித்த மூன்றாவதைத் தொடவில்லை.
பேனா எதற்கு, விரல் இருக்கிறது.
ஆனால் கிரீஸ் போகாத விரலைக்
கண்ணாடி சில சமயம் மதிப்பதில்லை:
கோடு இழுத்தால் புள்ளி விழும்,
புள்ளி வைத்தால் பக்கமே பெரிதாகும்.

தயார் மனிதர்கள் இருநூறு பேர் இலவசம்.
எல்லோரும் வெளுப்பு. ஒருத்தருக்கும் வியர்வை இல்லை.
ஒருவன் கிதார் வைத்திருந்தான்.
கிதாரை அழித்து ஸ்பேனர் கொடுத்தேன்,
கை அதைப் பிடிக்க மாட்டேன் என்றது.
பிறகு என் முன்கையைப் படமெடுத்து
நிறம் உறிஞ்சும் கருவியால் தொட்டேன்.
டியூப்லைட் வெளிச்சத்தில்
நான் லேசான பச்சை என்று சொன்னது.
சரி, முதல் கட்டத்தில் நாயகன் பச்சை.
இரண்டாவதிலிருந்து வெயிலில் எடுத்த கை.

வசனம் எழுதப்போனால் வேறு கூத்து.
"கொஞ்சம் பொறுங்க" என்று அடித்தேன்.
கொம்பு தனியே, கால் தனியே,
நடுவில் க நின்று திருதிருவென்று முழித்தது.
எழுத்துரு மாற்றினேன், வட்டம் வட்டமாக வந்தது.
மறுபடி மாற்றினேன், பெட்டி பெட்டியாக.
நாலாவதில்தான் கொம்பும் காலும் ஒழுங்காக ஒட்டின.
அப்புறம் குமிழி போதவில்லை;
'மாட்டிக்கொண்டிருக்கிறீர்களா'
என்ற ஒரே சொல்லுக்கு
அதன் வயிற்றை உப்பவைத்து, வாலைச் சுருட்டி...
கடைசியில் "யாராவது?" என்று குறுக்கினேன்.
அதுவே நன்றாக இருந்தது.

கதை இவ்வளவுதான்:
உள்ளே ஒரு பெண், கையில் கேக் பெட்டி.
வெளியே மெக்கானிக். இடையில் கதவு.
அவள் முகம் எனக்கு வரைய வரவில்லை,
ஆகவே விளக்கு அணைந்துவிட்டது.
விரல் மூன்று முறை தள்ளும் நீளத்துக்கு முழுக் கறுப்பு.
மேல்தட்டு அருளப்பன் எட்டிப் பார்த்து
"சோம்பேறித்தனம்டா இது" என்றார்.
இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

ஏற்றப்போனால் நீளம் அதிகமாம்.
பதினேழு துண்டாக வெட்டினேன்.
பதினோராவது இரண்டு தரம் ஏறிவிட்டது;
ஒரே கதவு இரண்டு தடவை மூடுகிறது.
மூலையில் செயலி தன் பெயரை
வெளிறிய முத்திரையாகப் பதித்திருந்தது.
சுற்றிலும் சட்டம் போட்டு அதைக்
கட்டடத்தின் பெயர்ப்பலகை ஆக்கினேன்.

வெள்ளிக்கிழமை.
பார்த்தவர்கள் நான்கு, அதில் மூன்று நான்.
கீழ்த்தட்டு ஷொஹாக் போனை வாங்கினான்.
சில்ஹெட்காரன், தமிழ் ஓர் எழுத்தும் தெரியாது.
தள்ளினான். தள்ளினான்.
கறுப்பு வந்ததும் விரல் நின்றது.
போன் கெட்டுவிட்டதோ என்று ஓரத்தைத் தட்டினான்.
பிறகு மெதுவாக,
கரண்ட் போன லிஃப்டை
கையால் பிரேக் விட்டுவிட்டு நாங்கள் இறக்குவோமே,
அந்த வேகத்தில்.

கடைசிக் கட்டம்: கதவிடுக்கில் நாலு விரல்.
"ஃபிர்?" என்றான்.
அடுத்தது இனிமேல்தான் என்றேன்.
தலையைச் சொறிந்தான்.
"கேக்?" என்றான்.

கேக்கை நான் மறந்தே போயிருந்தேன்.